புதுப்பிப்பு: பெரியம்மாவுடன் கார் பயணம், திட்டத்தை மாற்றிவிட்டேன்

76 வயது பெரியம்மாவை 5 நாள் காரில் ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போகிறேன், தினமும் 7 மணி நேரம் ஓட்டலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அட்டவணையை அவரிடமே காட்டுங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் பெரிய உதவி. காட்டினேன். நான் குறித்திருந்த 11 இடங்களில் அவர் தொட்டது 4தான், மற்றதெல்லாம் நான் பார்க்க ஆசைப்பட்டவை என்பது அப்போதுதான் புரிந்தது.

சரி, இப்போது ஒரு நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் இல்லை, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடப்போம், ஏனென்றால் நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, வயதானவர்களுக்கு அது இன்னும் கூடுதல். நீர் பிரியும் மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். கழிப்பறை கிடைக்காதோ என்று பயந்து பெரியம்மா தண்ணீரே குடிக்கமாட்டார், அதைத்தான் முதலில் தடுக்க வேண்டும். இன்சுலின் குளிர்காப்புப் பையில் எங்கள் கையோடு வரும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் கெட்டுவிடும், ஐஸ்கட்டி நேரடியாகப் பட்டு உறைந்தாலும் வீண்தான்.

அப்புறம் தங்குமிடம். தரைத்தள அறை, குளியலறையில் பிடிமானக் கம்பி, இரண்டையும் போனில் கேட்டு உறுதி செய்தேன். இருட்டிய பிறகு ஓட்டமாட்டேன்.

முன் இருக்கை அவருக்குத்தான். சின்ன வயதில் ஜன்னலோரத்தை எப்போதும் எனக்கே விட்டுக்கொடுத்தவர்.