அம்மாவின் சர்க்கரை அளவு: பிரிட்டன் கணக்கைப் பழக்குவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து வந்து எங்களுடன் லண்டனில் தங்கியிருக்கும் என் அம்மாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. வெறும் வயிற்றில் 110, சாப்பிட்ட பின் 160 என்று மில்லிகிராம் கணக்கிலேயே பழகியவர் அவர். இங்கே வாங்கிய குளுக்கோமீட்டர் அதையே மில்லிமோல் கணக்கில் 6.1, 8.9 என்று காட்டுவதால், இன்சுலின் போட்டுக்கொள்ளும் அவருக்கு அது கூடுதலா குறைவா என்று பார்த்தவுடன் பிடிபடுவதில்லை.

18ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு கிடைத்துவிடும். ஆனால், சர்க்கரை இறங்கிக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டும் நேரத்தில், 3.6ஐப் பெருக்கிப் பார்க்குமாறு வயதானவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 4க்குக் கீழே போனால் உடனே குளுக்கோஸ் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தச் சோதனையிலும் இதே சிக்கல்தான். ஊரில் 7 சதவீதம் என்று வருவது இங்கே 53 என்று வந்ததைக் கண்டு அம்மா பயந்தே போனார். கொலஸ்ட்ராலுக்கோ 18 பொருந்தாது, சுமார் 38.7ஆல் பெருக்க வேண்டும்.

பெற்றோரை இங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளும் அன்பர்கள் இதை எவ்வாறு பழக்கினீர்கள்? இரண்டு கணக்கையும் பெரிய எழுத்தில் அருகருகே காட்டும் தமிழ் அட்டவணை இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். ஊரிலிருந்து மில்லிகிராம் கருவியை வரவழைத்தால், இங்குள்ள மருத்துவரிடம் பேசும்போது குழப்பம் கூடுமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.