பழைய 303 துப்பாக்கியில் தோட்டா ஏறவில்லை. 308-க்கு மாற்றலாமா? அவசரம்

டப்போக்காரன்:
வணக்கம். சனிக்கிழமை பன்றி சுடக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதனால் அவசரம். பக்கத்துப் பண்ணைத் தாத்தாவிடம் பழைய 303 ஒன்று வாங்கினேன். கடையில் வாங்கிய புதுத் தோட்டா முழுசாக உள்ளே போகவில்லை. ஒரு விரற்கடை வெளியே நிற்கிறது, போல்ட் (பின்பக்க அடைப்பு) மூடவே மாட்டேன் என்கிறது. பேசாமல் 308 தோட்டாவுக்கு மாற்றிவிடலாமா? அது எந்தக் கடையிலும் கிடைக்கிறது. எவ்வளவு ஆகும்?

பழைய பட்டாளம்:
எந்த 303? லீ-என்ஃபீல்டில் நம்பர் 1 மாடலா, நம்பர் 4 மாடலா? எங்கே செய்தது? என்ன முத்திரை? 'வண்டி ஓடவில்லை' என்று எழுதிவிட்டு அது பைக்கா டிராக்டரா என்று சொல்லாமல் போனால் எப்படி தம்பி? இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதியிருப்பேன்.

கிரீஸ் கணபதி:
சேம்பரில், அதாவது தோட்டா உட்காரும் குழியில், பழைய கிரீஸ் இறுகியிருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது. மண்ணெண்ணெய் ஊற்றி பிரஷ் போட்டதும் தோட்டா வழுக்கிக்கொண்டு போனது.

ஓய்வு மெஷினிஸ்ட்:
கிரீஸ் விரற்கடை அளவுக்கா இறுகும் கணபதி? எனக்கென்னவோ போல்ட் ஹெட் (போல்ட்டின் முன்நுனித் துண்டு) மேல்தான் சந்தேகம். 0, 1, 2, 3 என்று அளவு வாரியாக வரும். சின்ன நம்பர் போட்டுப் பார்க்கட்டும்.

பழைய பட்டாளம்:
நம்பர் போட்ட ஹெட் நம்பர் 4-க்கு மட்டும்தான். அதிலும் மயிரிழை வித்தியாசத்துக்குத்தான் அது. ஹெட்டை மாற்றி விரற்கடையைச் சரிசெய்ய முடியாது.

வன்னியன் மெல்பேர்ன்:
தம்பி, முதலில் ஒன்று. போல்ட்டைத் தட்டி மூட வேண்டாம். பேரலில் (குழலில்) ஏதாவது எழுத்து வெட்டியிருக்கா? பர்மிட் தாளில் என்ன காலிபர் (தோட்டா அளவு) போட்டிருக்கு?

டப்போக்காரன்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். பிடிக்குப் பக்கத்து வளையத்தில் கிரீடம், லித்கோ, 1942. முன்கட்டை பாதி அறுத்திருக்கிறது. பேரலில் 303-25. தாளிலும் அதேதான். 25 என்பது வருஷம் என்று நினைத்தேன்.

வன்னியன் மெல்பேர்ன்:
1942-இல் செய்த துப்பாக்கிக்கு 1925 எங்கிருந்து வரும்? 25 என்பது அங்குலத்தில் நூறில் 25, குண்டின் அளவு. 303 கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூட்டின்) கழுத்தை ஒடுக்கி 25 குண்டு வைத்த தோட்டா அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கே ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸில் ராணுவக் காலிபருக்குக் கட்டுப்பாடு இருந்தது. மிச்சமிருந்த ராணுவத் துப்பாக்கிகளுக்கு 25 பேரல் போட்டு விற்றார்கள், கங்காரு சுடுகிறவர்களுக்கு அது தோதாகவும் இருந்தது. உன் கடைத் தோட்டாவின் கழுத்து அந்தச் சேம்பரை விடப் பருமன், அதுதான் நிற்கிறது. நல்லவேளை நின்றது. 0.311 அங்குலக் குண்டை 0.257 துளை வழியாகத் தள்ளினால் பேரல் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கிரீஸ் கணபதி:
சரி, கிரீஸ் இல்லை. ஆனாலும் துடைப்பது நல்லதுதான்.

ஓய்வு மெஷினிஸ்ட்:
அப்படியானால் சேம்பரைக் குடைந்து 303 ஆக்கிவிடலாமே, அரை நாள் வேலை.

பழைய பட்டாளம்:
சேம்பரைக் குடையலாம், துளையை என்ன செய்வீர்கள்? முழு பேரலையும் மாற்ற வேண்டும். புதுப் பேரல், கன்ஸ்மித் கூலி, ஹெட்ஸ்பேஸ் (போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளி) அளவு எல்லாம் சேர்த்தால் துப்பாக்கி விலையைத் தாண்டிவிடும். 308-ஐ மறந்துவிடுங்கள். லித்கோ ஆலை செய்தது நம்பர் 1, அதன் உடல் அந்த அழுத்தத்துக்குச் செய்ததில்லை. பிரிட்டிஷ்காரர்களே 7.62-க்கு (308-இன் ராணுவ வடிவம்) மாற்றியது நம்பர் 4-ஐத்தான், எல்42 ஸ்னைப்பர் துப்பாக்கி அப்படி வந்தது.

சேலம் செந்தில்:
நம் இஷாப்பூர் துப்பாக்கி ஆலையில் நம்பர் 1-ஐயே 7.62-க்கு மாற்றினார்களே? 2ஏ1 என்று. நம்மால் முடிந்தது அவர்களால் முடியவில்லையா?

பழைய பட்டாளம்:
மாற்றவில்லை ஐயா. 1962 சீனப் போருக்குப் பிறகு இரும்பையே மாற்றிப் புதிதாகச் செய்தார்கள். பழையதைத் தோண்டி 7.62 போட்டதல்ல அது. சதுரப் பெட்டி மாதிரி மேகசினைப் பார்த்தாலே தெரியும்.

சேலம் செந்தில்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். எங்கள் மாமா போலீஸில் இருந்தார். த்ரீ நாட் த்ரீயைத் தோளில் வைத்துச் சுட்டால் இரண்டு நாள் கை தூக்க முடியாதாம். இந்தியாவில் சாதாரண ஆளுக்கு அது கிடைக்காது, 315 காலிபர்தான்.

ஓய்வு மெஷினிஸ்ட்:
315-உம் அதே 303 தானே, பெயர் மட்டும் வேறு?

பழைய பட்டாளம்:
இல்லை! அது ஆஸ்திரிய மான்லிகரின் 8x50 ரிம் தோட்டா. ராணுவக் காலிபர் மக்கள் கையில் இருக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில் தேர்ந்தெடுத்தது. நியூ சவுத் வேல்ஸ் கதையும் அதேதான், ஆள் வேறு. படித்துவிட்டு எழுதுங்கள்.

ஓய்வு மெஷினிஸ்ட்:
கேள்விதானே கேட்டேன். நாற்பது வருஷம் லேத் ஓட்டியவன் நான், படிக்காமல் ஒன்றும் வரவில்லை.

வன்னியன் மெல்பேர்ன்:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ, தம்பி சனிக்கிழமைக்குக் கேட்டவர். தம்பி, பேரலை விடு. 303 கேஸை 303/25 டையில் (கழுத்தை ஒடுக்கும் அச்சில்) போட்டு ஒடுக்கலாம். ரீலோடிங் (காலிக் கேஸில் திரும்பத் தோட்டா செய்வது) தெரிந்த ஆளோடு உட்கார்ந்து செய். அதற்கு முன் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித் ஒருவர் சேம்பரை அளந்து பார்க்கட்டும். சனிக்கிழமைக்கு வேறு துப்பாக்கி இரவல் வாங்கிக்கொள்.

டப்போக்காரன்:
(நான்கு நாள் கழித்து) நன்றி அண்ணன்மார்களே. கன்ஸ்மித் பார்த்துவிட்டார், 303/25 தான், சேம்பர் நன்றாக இருக்கிறது. தாத்தாவிடம் போய்ச் சொன்னேன். ஷெட்டுக்குள் போய் ஒரு பிஸ்கட் டின் நிறையக் காலிக் கேஸும் இரண்டு டையும் எடுத்து வந்து வைத்தார். ஏன் முன்பே தரவில்லை என்றேன். நீ கேட்கவே இல்லையே என்றார்.

பழைய பட்டாளம்:
அந்தக் காலிக் கேஸ்களின் கழுத்தில் மயிர்வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தீர்களா? டையில் என்ன எழுதியிருக்கிறது?

கிரீஸ் கணபதி:
டையையும் மண்ணெண்ணெயில் ஊற வையுங்கள்.