ஆலங்காயம் வீடு: அகிலா வாங்கும் தொலைநோக்கி

வியாழன்

அகிலா, இரவு 8:14
எல்லோருக்கும் வணக்கம். ஒரு விஷயம் கேட்க வேண்டும். பெங்களூரில் ஒருவர் தன் ரெட்கேட் 51 தொலைநோக்கியை விற்கிறார். மூன்று வருடம் பயன்படுத்தியிருக்கிறார். 58,000 சொல்கிறார். வாங்கலாமா? பெரிய மாமா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அம்மா, 8:16
ஐம்பத்தெட்டாயிரமா? அதுவும் பழசுக்கா?

அகிலா, 8:17
ஒன்றரை வருடமாகச் சேர்த்த பணம் அம்மா. வீட்டுக்கு அனுப்புவதில் எதுவும் குறையாது.

சித்தப்பா, 8:21
படத்தைப் பார்த்தேன். முழங்கை நீளம்கூட இல்லை. இந்தக் காசுக்கு 8 அங்குலக் கண்ணாடி வைத்த பெரியதே கிடைக்குமே அகிலா. என் நண்பர் வீட்டில் ஒன்று இருக்கிறது. சனியின் வளையத்தை அதில் பார்த்தேன், அப்படி ஒரு தெளிவு.

பெரிய மாமா, 8:34
மாப்பிள்ளை சொல்வது சரிதான். சனி, வியாழன், நிலவின் பள்ளங்கள் இவற்றைப் பார்க்க 8 அங்குலம் மாதிரி வராது. ஆனால் அகிலா கேட்பது வேறு. அவளுக்கு வானத்தின் பெரிய துண்டு ஒன்று ஒரே படத்தில் வேண்டும். 8 அங்குலத்தின் குவியத்தூரம் பெரும்பாலும் 1000 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும். அவள் கேமராவை அதில் மாட்டினால் 1.3 டிகிரி அகலம்தான் தெரியும். ஆண்ட்ரோமெடா கேலக்ஸி மட்டுமே 3 டிகிரி நீளம், அதாவது ஆறு முழு நிலவை வரிசையாக வைத்த மாதிரி. நடுப்பகுதி மட்டும்தான் படத்தில் வரும்.

பெரிய மாமா, 8:36
அப்புறம் எடை. அந்தக் குழாயே எட்டு ஒன்பது கிலோ. அகிலாவிடம் இருக்கும் ஸ்டார் அட்வென்ச்சரர் டிராக்கர் 5 கிலோதான் தாங்கும். படம் எடுக்க அதில் பாதி எடையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ரெட்கேட் ஒன்றரை கிலோ அளவு, கேமரா அரை கிலோவுக்கும் குறைவு. கணக்கு சரியாக வருகிறது.

சித்தி, 8:40
பூமி சுற்றுவதற்கு ஏற்றபடி திரும்பிக்கொண்டே இருக்குமே, போன வருடம் மொட்டைமாடியில் வைத்தாளே, அந்தப் பெட்டியா?

அகிலா, 8:41
அதேதான் சித்தி. அதில் இதுவரை 50 மி.மீ. லென்ஸ்தான் வைத்திருந்தேன்.

அகிலா, 8:45
மாமா, சென்னையில் ஒருவர் எவோஸ்டார் 72 இடி என்ற தொலைநோக்கியை 32,000-க்குத் தருகிறார். அதன் லென்ஸ் 72 மி.மீ., இதைவிடப் பெரியது, விலையும் குறைவு. இரண்டு நாளாக மனது அங்கும் இங்கும் அலைகிறது.

பெரிய மாமா, 9:02
72 இடி நல்ல தொலைநோக்கி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே இரண்டு லென்ஸ்தான். மையத்தில் நட்சத்திரம் புள்ளியாக இருக்கும், ஓரத்துக்குப் போகப் போக நீளும். அதைச் சரிசெய்ய ஃபிளாட்னர் என்று ஒரு லென்ஸ் தனியாக வாங்க வேண்டும். அவர் அதையும் சேர்த்துத் தருகிறாரா?

அகிலா, 9:03
இல்லை. கேட்டேன், இல்லை என்றார்.

பெரிய மாமா, 9:10
அப்படியென்றால் 32,000 என்பது முழு விலை இல்லை. ஃபிளாட்னருக்கும் கேமரா சென்சாருக்கும் நடுவே பெரும்பாலும் 55 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் ஓரத்தில் தெரியும். உன் கேனானுக்குள் 44 மி.மீ., கேமராவைத் தொலைநோக்கியில் மாட்டும் டி-ரிங் 11 மி.மீ., கூட்டினால் 55 வந்துவிடும். அதனால் பெரிய சிரமம் இல்லை. ரெட்கேட் பெட்ஸ்வால் வகை. நான்கு லென்ஸ், ஓரத்தைச் சமன்செய்யும் வேலை உள்ளேயே முடிந்துவிடுகிறது. ஃபோகஸ் செய்தால் போதும், இந்த இடைவெளிக் கவலையே இல்லை.

பெரிய மாமா, 9:18
எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உன் கேனான் 200டி-யின் சென்சார் 22.3 × 14.9 மி.மீ. 420 மி.மீ. குவியத்தூரம் உள்ள 72 இடியில் 3 × 2 டிகிரி கிடைக்கும். 250 மி.மீ. ரெட்கேட்டில் 5.1 × 3.4 டிகிரி. வானில் வாயுவும் தூசியும் சேர்ந்த மேகங்களான ஓரியன் நெபுலாவுக்கும் குதிரைத்தலை நெபுலாவுக்கும் நடுவே மூன்று டிகிரிக்குச் சற்று மேல். ரெட்கேட்டில் இரண்டும் ஒரே படத்தில் வரும். 72-இல் வராது. நீ ஆறாவது படிக்கும்போது என்னிடம் கேட்ட படம் அதுதான். நான் மறக்கவில்லை.

அகிலா, 9:20
மாமா. நானும் மறக்கவில்லை.

தாத்தா, 9:31
திருவாதிரை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் வரிசையாக இருக்குமே, அங்கேயா அம்மா?

அகிலா, 9:32
ஆமாம் தாத்தா. அந்த மூன்றில் கிழக்குக் கடைசியில் இருப்பதை ஒட்டித்தான் குதிரைத்தலை. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத்தான் தெரியும்.

வெள்ளி

அகிலா, மாலை 6:50
விற்பவர் அனுப்பிய படம் இது. ரோசெட் நெபுலா. எவ்வளவு அழகு, பாருங்கள்!

அம்மா, 6:52
பூ மாதிரி இருக்கிறது.

பெரிய மாமா, 7:15
நன்றாக எடுத்திருக்கிறார், பொறுமையான மனிதர் என்று தெரிகிறது. ஆனால் இதை வைத்து முடிவு செய்யாதே. இது நூறு படங்களை அடுக்கி, ஓரத்தை வெட்டி, மென்பொருளில் மெருகேற்றியது. அடுக்காத, வெட்டாத ஒற்றை ரா ஃபைல், அதாவது கேமரா பதிவு செய்தபடியே உள்ள படம், ஒன்று கேள். நான்கு மூலைகளும் அதில் இருக்க வேண்டும்.

பெரிய மாமா, 7:19
இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், என் முதல் தொலைநோக்கியை நான் படம் பார்த்துத்தான் வாங்கினேன். பணத்தையும் முன்னாடியே போட்டுவிட்டேன். கூரியரில் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள் லென்ஸில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. துடைக்கக் கொடுத்தேன், பூஞ்சை போனது, அது அரித்த பூச்சு திரும்ப வரவில்லை. பிரகாசமான நட்சத்திரம் எதை எடுத்தாலும் சுற்றிலும் ஒரு மங்கல். விற்றவர் அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. அந்த வருடம் முழுக்க மனது கனத்துப்போய் இருந்தது. உனக்கு அது நடக்கக் கூடாது.

மனோ அண்ணா, 7:26
மாமா, நான் பெங்களூரில்தான் இருக்கிறேன். அகிலா ஓசூரிலிருந்து நாளை வந்தால் இரண்டு பேரும் நேரிலேயே போய்விடுகிறோம். என்ன பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

பெரிய மாமா, 7:41
நல்லது மனோ. பகலிலேயே போய்விடாதீர்கள், சாயங்காலம் போங்கள். இருட்டான அறையில் முன்பக்கத்திலிருந்து சாய்வாக டார்ச் அடி. தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம், படத்தில் வராது. கிளை விட்ட நூல் மாதிரித் தெரிந்தால் பூஞ்சை, பேசாமல் வந்துவிடுங்கள். ஃபோகஸ் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருகிப் பார். ஒரே சீராகப் போக வேண்டும், நடுவில் பிடிக்கவோ ஆடவோ கூடாது.

பெரிய மாமா, 7:44
உள்ளே கழற்றிச் சுத்தம் செய்தீர்களா என்று மரியாதையாகக் கேள். பெட்ஸ்வாலைக் கழற்றியிருந்தால் அந்த நான்கு லென்ஸையும் பழையபடி நேராக உட்காரவைப்பது வீட்டு வேலை இல்லை.

அகிலா, 9:05
ரா ஃபைல் கேட்டவுடனே அனுப்பிவிட்டார் மாமா. ஆனால் மேல் வலது மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

மனோ அண்ணா, 9:09
நட்சத்திரம் முட்டை மாதிரி நீண்டிருக்கிறது. மற்ற மூன்று மூலைகளும் சரி. விட்டுவிடலாமா?

பெரிய மாமா, 9:30
அவசரப்படாதீர்கள். டிராக்கர் தவறினால் படம் முழுவதும் நட்சத்திரங்கள் ஒரே திசையில் நீளும். ஒரு மூலை மட்டும் கெட்டிருக்கிறது என்றால் எதோ ஒன்று சாய்ந்திருக்கிறது. லென்ஸாகவும் இருக்கலாம், அவருடைய அடாப்டராகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. தொலைநோக்கியை அசைக்காமல் கேமராவை மட்டும் 90 டிகிரி திருப்பி இன்னொரு படம் எடுங்கள். கெட்ட மூலை படத்தில் அதே இடத்தில் நின்றால் தவறு கேமரா பக்கம். வேறு மூலைக்கு மாறினால் தவறு தொலைநோக்கியில். அப்புறம் உன் கேமராவை, உன் டி-ரிங்கோடு மாட்டி, இதையே மறுபடியும் செய். எம்48, அதாவது 48 மி.மீ. திருகு உள்ள டி-ரிங்தானே உன்னுடையது?

அகிலா, 9:32
ஆமாம் மாமா. டிராக்கரையும் எடுத்துப் போகிறேன்.

அம்மா, 9:40
ராத்திரி நேரம், முன்பின் தெரியாதவர் வீடு. மனோ, நீ கூடவே இரு.

மனோ அண்ணா, 9:41
அவளை விட்டு நகர மாட்டேன் சித்தி.

சனி

மனோ அண்ணா, இரவு 8:55
மாடியில் இருக்கிறோம். லென்ஸில் பூஞ்சை இல்லை, நான்கைந்து தூசிப் புள்ளிகள். ஃபோகஸ் வளையம் வெண்ணெய் மாதிரிப் போகிறது. அவர் இதுவரை கழற்றியதே இல்லையாம். பில், பெட்டி எல்லாம் வைத்திருக்கிறார். அவருடைய அம்மா எங்களுக்கு உப்புமா கொடுத்தார்.

அகிலா, 9:38
மாமா! அவர் கேமராவில் 90 டிகிரி திருப்பியும் அதே மேல் வலது மூலைதான். என் கேமராவில் நான்கு மூலைகளும் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. திருப்பியும் பார்த்துவிட்டேன். 20 விநாடிப் படம், அனுப்புகிறேன்.

பெரிய மாமா, 9:52
நான்கையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சுத்தம். அடாப்டர்தான் சாய்ந்திருக்கிறது, லென்ஸ் நன்றாக இருக்கிறது. அவரிடமும் சொல்லிவிடு, பாவம், இத்தனை நாள் தன் தொலைநோக்கியைச் சந்தேகப்பட்டிருப்பார்.

அகிலா, 10:20
சொன்னேன். அதைத்தான் காரணமாக வைத்து விற்க நினைத்தாராம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நான் வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இல்லை, வேறொன்று வாங்க முன்பணம் கொடுத்துவிட்டேன், நீயே எடுத்துக்கொள் என்று 54,000-க்குத் தந்தார். பனி படியாமல் இருக்க முன்னால் சுற்றும் ஹீட்டர் பட்டையையும் சேர்த்துக் கொடுத்தார்.

அம்மா, 10:24
நல்ல மனிதர். பத்திரமாக மடியில் வைத்து எடுத்து வா.

பெரிய மாமா, 10:31
ஒன்று சொல்லிவிடுகிறேன். சூரியன் பக்கம் அதை ஒருபோதும் திருப்பாதே, அதற்கென்று உள்ள ஃபில்டர் முன்னால் இல்லாமல். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை. நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை வர ஒரு மழைக்காலம் போதும்.

தை அமாவாசைக்கு முந்தைய நாள்

தாத்தா, காலை 7:05
எல்லோரும் எத்தனை மணிக்கு வருகிறீர்கள்? அகிலா, மொட்டைமாடியில் மேஜை போடச் சொல்லட்டுமா?

அகிலா, 7:20
தாத்தா, மாடியில் வடக்குப் பக்கம் புளியமரம் மறைக்கிறது. துருவ நட்சத்திரம் தெரிந்தால்தான் டிராக்கரை நேராக வைக்க முடியும். நம் ஊரில் அது 12, 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், மரத்துக்குப் பின்னாலேயே நின்றுவிடும்.

தாத்தா, 7:26
கிணற்றுமேட்டுக்கு வா. அங்கே வடக்கே ஒன்றும் கிடையாது. பக்கத்தில் காவலூர் வானாய்வகத்தில் அந்தப் பெரிய தொலைநோக்கி வைத்த 1986-இல், நானும் உன் பாட்டியும் அந்த மேட்டில் நின்றுதான் ஹாலி வால்மீனைப் பார்த்தோம்.

அகிலா, 7:28
இத்தனை நாளாக எனக்குச் சொல்லவே இல்லையே தாத்தா!

அமாவாசை

அகிலா, இரவு 8:47
துருவ நட்சத்திரம் கிடைத்துவிட்டது. 60 விநாடி, ஐஎஸ்ஓ 800. முதல் படம் இதோ.

சித்தப்பா, 8:51
கீழே ஊதா கலந்த வெளிச்சமாக விரிந்திருப்பது ஓரியன் நெபுலாவா? ஒரே நிமிடத்திலா இது?

அகிலா, 8:52
ஆமாம் சித்தப்பா. மேலே மூன்று நட்சத்திரங்களில் இடது கடைசிக்குக் கீழே லேசாகச் சிவப்பு தெரிகிறதா? அதற்குள் ஒரு சின்னக் கறுப்பு வெட்டு. அதுதான் குதிரைத்தலை.

பெரிய மாமா, 8:58
தெரிகிறது அகிலா. உன் கேமராவின் உள் ஃபில்டர் அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், அதனால்தான் லேசாக இருக்கிறது. நூறு நூற்றிருபது படம் எடு, அடுக்கினால் மேலே வந்துவிடும். மூலைகளைப் பார்த்தேன், நான்கும் சரி. ஹீட்டர் பட்டையை இப்போதே போட்டுவிடு, பத்து மணிக்கு மேல் பனி இறங்கும்.

அம்மா, 9:03
சால்வை எடுத்துப் போனாயா?

அகிலா, 9:04
தாத்தா தன் சால்வையைக் கொடுத்துவிட்டார். மாமா, படத்தின் ஓரத்தில் லேசாக மஞ்சள் வெளிச்சம் ஏறுகிறதே, அது என்ன?

பெரிய மாமா, 9:06
பக்கத்தில் எதாவது விளக்கு எரிகிறதா பார்.

தாத்தா, 9:09
மோட்டார் கொட்டகை விளக்கு. அணைத்துவிட்டேன்.

அகிலா, 9:15
போய்விட்டது. ஒன்பதாவது படம் ஓடுகிறது.