மூன்று மாதக் கர்ப்பம், பீடி சுற்றலாமா?

கேள்வி (ஆலங்குளத்துப் பெண்):
எனக்கு இது மூன்றாம் மாதம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பீடி சுற்றுகிறேன். நான் பீடி குடிப்பதில்லை. என் வீட்டுக்காரர் குடிப்பார், அதுவும் வாசலில் நின்றுதான். "சுளகை (பீடி சுற்றும் முறத்தை) மடியில் வைத்துக்கொண்டே நாங்கள் நாலு பெற்றோம்" என்கிறார் அத்தை. ஆனால் இப்போது புகையிலைத் தூளை அள்ளினாலே குமட்டுகிறது. பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?

பதில் (ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்):
தாயி, குமட்டலை மசக்கை என்று மட்டும் விட்டுவிடாதே. இலை பதமாக இருக்க நனைத்துத்தானே சுற்றுகிறாய்? ஈரக்கையில் நிகோடின் தோல் வழியாகவே இறங்கும். தூள் மூக்கு வழியாகப் போகும். உன் ரத்தத்தில் சேர்ந்தது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போகும், ரத்தக்குழாயைச் சுருக்கும். புகைக்கிற தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த பிள்ளையும் அதிகம். 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்த பிள்ளைகளைத் தராசில் போட்டுப் போட்டு மனசு கனத்திருக்கிறேன். அத்தைக்கு நல்லபடியாகப் பிறந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதை வைத்து உனக்கும் ஆபத்தில்லை என்று சொல்ல முடியாது.

முடிந்தால் பிரசவம் வரை சுளகைத் தொடாதே. வருமானம் போகுமே என்பாய். 12 வாரத்துக்குள் செவிலியரிடம் பதிவு செய்துவிடு, அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய் மதிப்புக்கு, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகத் தவணை தவணையாகக் கிடைக்கும். அப்புறம், வாசலில் குடித்தாலும் புகை உள்ளே வரும், சட்டையிலும் ஒட்டும். பச்சைப்பிள்ளைக்கு இளைப்பு, காதில் சீழ், தூக்கத்திலேயே திடீரென இறந்துபோவது, இந்த ஆபத்தெல்லாம் கூடும். அவரை 1800-11-2356-க்குப் பேசச் சொல். புகையிலையை விட உதவும் இலவச எண்.

பதில் (லாரி ஓட்டுநர்):
தங்கச்சி, இதை மாப்பிள்ளையிடம் காட்டு. எங்களுக்கு வெகுநாள் பிள்ளை இல்லை. ஊர் என் மனைவியைத்தான் பேசியது. பரிசோதித்தால் என் விந்தணு எண்ணிக்கையும் குறைவு, வேகமும் குறைவு. டாக்டர் முதலில் சிகரெட்டை விடச் சொன்னார். புது விந்தணு உருவாகி வர இரண்டரை, மூன்று மாதம் ஆகுமாம், அதுவரை பொறுக்கச் சொன்னார். ராத்திரி ஓட்டத்தில்தான் கை தேடும். ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வேன். இப்போது மகள் ஒன்றாம் வகுப்பு.

கேட்டவர்:
நன்றி அம்மா, நன்றி அண்ணா. அத்தை தொடர்ந்து சுற்றுவார். தூள் மூட்டை நாங்கள் படுக்கிற அறையில்தான் இருக்கிறது. என்ன செய்ய?

செவிலியர்:
இன்றைக்கே தாழ்வாரத்துக்கு மாற்று, மூடி போட்ட டின்னில். அத்தையும் அங்கேயே காற்றாட உட்கார்ந்து சுற்றட்டும். பிள்ளையைத் தூக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவி, சேலை மாற்றச் சொல்.