ஆஸ்டன் மார்ட்டின் பங்கு வெளியீடு: கணக்கு தெரிந்தவர்கள் உதவுங்களேன்

நண்பர்களே, 2018 அக்டோபரில் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்த பிரிட்டிஷ் சொகுசுக் கார் கம்பெனி ஆஸ்டன் மார்ட்டினின் வெளியீட்டு ஆவணத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பங்கு 19 பவுண்டு, கம்பெனி மதிப்பு ஏறத்தாழ 430 கோடி பவுண்டு. முதல் நாளே விலை சறுக்கியது. ஏழு முறை திவாலான கம்பெனி என்பதை விடுங்கள், அது எல்லோருக்கும் தெரிந்த கதை. புதுப் பங்கு எதுவும் வெளியிடவில்லை, பணம் முழுக்கப் பழைய முதலாளிகளுக்கே போனது என்பதும் புரிகிறது.

நான் முட்டி நிற்பது வேறு இடத்தில். புது மாடல்களை உருவாக்கும் செலவில் பெரும்பகுதியை அந்த வருடச் செலவாக எழுதாமல், சொத்தாகக் காட்டிப் பல வருடங்களுக்குப் பரப்பியிருக்கிறார்கள். கணக்கியல் விதி அனுமதிப்பதுதான், சரி. ஆனால் முழுவதையும் அந்தந்த வருடமே கழித்தால் லாபம் என்ன மிஞ்சும்? அதை எப்படிக் கணக்கிடுவது? ஏற்கெனவே கழித்த தேய்மானத்தைத் திரும்பக் கூட்ட வேண்டுமா?

அப்புறம், 2015-இல் நியூயார்க்கில் 52 டாலருக்கு வந்த ஃபெராரியோடு இதை ஒப்பிட்டு விலை வைத்தது நியாயமா? ஃபெராரியும் இதே முறையில்தான் எழுதுகிறதா? இரண்டு ஆண்டறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எந்தக் குறிப்பில் தேட வேண்டும் என்று மட்டுமாவது சொல்லுங்கள்.