நாலு சுற்று கீமோ முடிந்து கட்டியும் சுருங்கிவிட்டது, இன்னும் ஏன் ஊசி?

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை, அடினோகார்சினோமா வகை. ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணு மாற்றப் பரிசோதனை இரண்டும் நெகடிவ். கார்போபிளாட்டினும் பெமெட்ரெக்ஸெட்டும் சேர்த்து நாலு சுற்று போட்டார்கள். ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது என்றதும் எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்போது கார்போபிளாட்டினை நிறுத்திவிட்டு பெமெட்ரெக்ஸெட்டை மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொடரலாம், இது மெயின்டெனன்ஸ் என்கிறார் டாக்டர். எத்தனை மாதம் என்றால், நோய் அடங்கி, உடம்பும் தாங்கும் வரை என்கிறார். அப்பாவோ "போதும்மா, கொஞ்ச நாள் விட்டுவிடு" என்கிறார். நிறுத்தினால் தப்பாகிவிடுமா? தொடர்ந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

என் அம்மாவுக்கும் இதே மருந்துதான், 14 மாதம் போட்டோம். ஸ்கேனில் தெரியாத செல்கள் உள்ளே இருக்கும், அவை மறுபடி தலை தூக்காமல் அடக்கி வைக்கத்தான் இது. முதல் நாலு சுற்று மாதிரி வாட்டாது, மருந்து ஏற 10 நிமிடம்தான், வாந்தியும் அம்மாவுக்கு நின்றே போனது. ஆனால் சோர்வு இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அப்புறம் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருப்பார், அழுகிறார் என்றுதான் நாங்கள் பல நாள் நினைத்தோம், கேட்கவும் பயம். கடைசியில் அது மருந்தால் வருவது என்று டாக்டர் சொன்னார். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள், பி12 ஊசி 9 வாரத்துக்கு ஒருமுறை.

பதில் 2

கீமோ வார்டில் நர்ஸாக இருக்கிறேன், சகோதரி. பாரமவுன்ட் என்ற ஆய்வு இதே கேள்வியைத்தான் பார்த்தது. பெமெட்ரெக்ஸெட்டும் சிஸ்பிளாட்டினும் (கார்போபிளாட்டின் இனத்து மருந்துதான்) நாலு சுற்று முடித்து, நோய் வளராமல் இருந்த 539 பேரில், பெமெட்ரெக்ஸெட் தொடர்ந்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், அதன் பிறகு 13.9 மாதம், தொடராதவர்களுக்கு 11 மாதம். இது கூட்டத்தின் கணக்கு, உங்கள் அப்பா அதற்கு மேலும் போகலாம், கீழேயும் வரலாம். பலன் உண்டு, ஆனால் நோய் அடியோடு போய்விடும் என்று எண்ண வேண்டாம்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், அதனால் ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று கேட்டுக் குறித்து வையுங்கள், மூட்டு வலிக்கு என்று ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, பிடி-எல்1 பரிசோதனை, அதாவது கட்டியில் அந்தப் புரதம் எவ்வளவு என்று பார்ப்பது, செய்தார்களா? பெம்ப்ரோலிசுமாப் போன்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோயோடு போராட வைக்கும் இம்யூனோதெரபியைக் கீமோவோடு ஆரம்பித்தவர்களுக்கு அதையும் சேர்த்து, அதிகபட்சம் 2 வருடம் வரை தொடர்வார்கள். அப்பாவுக்கு அது ஏன் இல்லை என்று கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை.

பதில் 3

எங்கள் அப்பா வேண்டாம் என்றார், நிறுத்தினோம். நாலு மாதம் நன்றாகவே இருந்தார், பேரப்பிள்ளைகளோடு நடக்கப் போனார், சாப்பாடு இறங்கியது. அந்த முடிவு அவருடையது, அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம், நல்லாத்தானே இருக்கிறார் என்று ஸ்கேன் தேதியை ஆறு வாரம் தள்ளிவிட்டோம் என்பதுதான். இருமல் கூடிய பிறகு ஓடினோம், அதற்குள் நோய் பரவியிருந்தது, அடுத்த மருந்தைத் தாங்க உடம்பில் தெம்பில்லை. நிறுத்துவதென்றால் நிறுத்துங்கள் அக்கா, ஆனால் ஸ்கேனை மட்டும் விடாதீர்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. கோப்பைப் புரட்டியதில் பிடி-எல்1 அறிக்கையே இல்லை, நாளை அதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன். கண்ணில் நீர் வடிவதைப் படித்துக் காட்டியதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, தனக்கும் போன வாரத்திலிருந்து அப்படித்தான் என்றார். எங்களிடம் சொல்லவே இல்லை. ஒரு வாரம் ஓய்வு எடுத்துவிட்டு ஆரம்பிக்கலாமா என்று டாக்டரிடம் அவரே கேட்பதாகச் சொல்லியிருக்கிறார், சரி என்றால் இரண்டு சுற்று போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி பேசுவோம்.