ஆயில் மூடிக்கு அடியில் கெட்டி மோர் மாதிரி, 2,900 கி.மீ.தான் ஓடியிருக்கிறது, ஆயில் மாற்ற வேண்டுமா?

குன்னூர்வாசி:
வணக்கம். 2017 மாடல் சின்ன பெட்ரோல் கார், மொத்தமே 31,400 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. கடைசியாக ஆயில் மாற்றி 19 மாதம் ஆகிறது, அதற்கப்புறம் ஓடியது வெறும் 2,900. மேனுவலில் 10,000 கி.மீ. அல்லது 1 வருடம், எது முந்துகிறதோ அது என்று போட்டிருக்கிறது. பத்தாயிரத்துக்கு இன்னும் எவ்வளவோ கிடக்கிறதே என்று வருடக் கணக்கை நான் கண்டுகொள்ளவே இல்லை.

நேற்று வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றப் பானட்டைத் திறந்தவன், சும்மா இருக்காமல் ஆயில் ஊற்றுகிற மூடியையும் திருகிப் பார்த்துவிட்டேன். அடியில் வெளிர் மஞ்சளாகக் கெட்டி மோர் மாதிரி அப்பியிருக்கிறது. பட்டறையில் காட்டினேன். மூடியைப் பார்த்த மாத்திரத்தில், ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போச்சு சார், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஆயிலில் கலக்குது, ஹெட்டை இறக்கணும், 18,000 ஆகும் என்கிறார். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, சூடும் ஏறவில்லை. ஹெட்டை இறக்குவதா, ஆயிலை மட்டும் மாற்றிப் பார்ப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டாக்ஸி தம்பி:
அண்ணா, 2,900 எல்லாம் ஒரு ஓட்டமா? நான் சென்னை–திருப்பதி அடிக்கிறேன், ஒரு நாளைக்கு 300 கி.மீ. சர்வசாதாரணம். பத்தாயிரத்துக்கு ஒரு தடவைதான் ஆயில். இதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை. பட்டறைக்காரர் பணம் பறிக்கப் பார்க்கிறார், விட்டுத்தள்ளுங்கள்.

மேட்டுப்பாளையம் ஸ்பேனர்:
தம்பி, நீ 300 கி.மீ. ஓட்டினால் பத்தாயிரம் ஒரு மாதம் சொச்சத்தில் முடிந்துவிடும். இன்ஜின் ஒரு தடவை சூடானால் ராத்திரி வரை சூடாகவே இருக்கும். அந்த ஆயிலுக்குக் கெட்டுப்போக நேரமே இல்லை. சாரோட ஆயில் 19 மாதமாக உள்ளேயே கிடக்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்காதே.

சார், ஹெட்டை இப்போது இறக்க வேண்டாம். மூடியை மட்டும் பார்த்து கேஸ்கெட் போச்சு என்று சொல்லவும் முடியாது. முதலில் இதைச் செய்யுங்கள்: காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவில் மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு டேப் ஒட்டுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டிவிட்டு, அதே மாதிரி காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் சந்தேகப்படலாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள், முகத்தில் அடிக்கும். அப்புறம் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். அதிலும் மோர் நிறம் இருக்கிறதா, மட்டம் எங்கே நிற்கிறது, வாசனை என்ன, மூன்றையும் சொல்லுங்கள். தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்பதையும்.

குன்னூர்வாசி:
நன்றி அண்ணா. டிப்ஸ்டிக்கில் மோர் இல்லை, கறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மட்டம் மேல் புள்ளிக்கும் மேலே, ஒரு 4 மில்லிமீட்டர் இருக்கும். நான் நடுவில் ஒரு சொட்டு ஆயில்கூட ஊற்றவில்லை. ஊற்றாமல் எப்படி ஏறும்? மோந்து பார்த்தால் பெட்ரோல் பங்க் வாசனை. பிள்ளையைப் பள்ளியில் விட 2 கி.மீ., மார்க்கெட்டுக்கு 1 கி.மீ., ஞாயிற்றுக்கிழமை கோயில், அவ்வளவுதான் ஓட்டம்.

டீசல் மணி:
கறுப்பாக இருந்தால் ஆயில் செத்துவிட்டது என்று அர்த்தம் சார், உடனே மாற்றுங்கள்.

மேட்டுப்பாளையம் ஸ்பேனர்:
மணி, கறுப்பை வைத்து முடிவு செய்யாதே. கரியை இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்வதும் ஆயிலின் வேலைதான். உன் டீசலில் புது ஆயில் ஊற்றினால் சில நூறு கி.மீ.யிலேயே கறுத்துவிடும், அதற்காக மாற்றுவாயா?

சார், நீங்கள் சொன்ன வாசனையில் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும், அநேகமாக எல்லாமே சைலன்சர் வழியாக ஆவியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலுக்கு வரும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலும் கூடுதலாகத் தெளிக்கும், எரியாத பெட்ரோலும் அதே வழியில் கீழே இறங்கும். இருபது நிமிடம் நன்றாக ஓடிச் சூடானால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். உங்கள் வண்டி 2 கி.மீ.யில் நின்றுவிடுகிறது. மீட்டரில் முள் நடுவுக்கு வந்தால் சூடாகிவிட்டது என்று நினைப்பீர்கள், அது கூலன்ட் சூடு. ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். குன்னூர் குளிரில் கேட்கவே வேண்டாம். நீராவி மேலே போய், இருப்பதிலேயே குளிர்ந்த இடமான மூடியில் படிந்து, ஆயிலோடு கலந்து மோராகிறது. பெட்ரோல் ஆயிலோடு சேர்ந்து மட்டத்தை ஏற்றுகிறது. மோரைவிட அதுதான் கெடுதல், ஆயில் நீர்த்துப்போனால், சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குக்குப் பாதுகாப்பு இருக்காது.

ஆனாலும் 2 கி.மீ. ஓட்டத்துக்கு 4 மில்லிமீட்டர் எனக்கு அதிகமாகப் படுகிறது. வண்டியை வேறு யாராவது எடுக்கிறார்களா?

குன்னூர்வாசி:
யாரும் ஓட்டுவதில்லை அண்ணா. மாமனார் மட்டும் தினமும் காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்து, கையில் காபியோடு பத்து நிமிடம் பக்கத்திலேயே நிற்பார். பேட்டரி இறங்கக் கூடாதாம். நான் எழுந்திருப்பதே அந்தச் சத்தத்தில்தான்.

மேட்டுப்பாளையம் ஸ்பேனர்:
கிடைத்துவிட்டது! பெரியவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நிற்க வைத்து ஓட்டும் பத்து நிமிடத்தில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது, பேட்டரிக்கும் பெரிதாக ஏறாது, ஆயிலுக்கு மட்டும் தினம் ஒரு டோஸ் பெட்ரோல் போகும். ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் மெதுவாகக் கிளம்புவதே போதும்.

கூலன்ட் மட்டம் ஒரு வாரம் இறங்காமல் நின்றால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், பழைய ஆயிலை இறக்கக் கழற்றும் ட்ரெயின் நட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள். இனிமேல் உங்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. மேனுவலிலேயே கரடுமுரடான உபயோகம் என்று தனியாக ஒரு பக்கம் இருக்கும், குட்டி குட்டி ஓட்டமும் அதில்தான் வரும். யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

டீசல் மணி:
பட்டறையில் 20டபிள்யூ-40 கிரேடு ஆயில் ஊற்றுவார்கள், நல்ல கெட்டியாக இருக்கும். அதைப் போடலாமா?

மேட்டுப்பாளையம் ஸ்பேனர்:
இந்த வண்டிக்கு வேண்டாம். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் எவ்வளவு இளக்கம் என்பதற்கு, பின்னால் இருப்பது சூட்டில். மலைக் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது 20 மேலே ஏறவே நேரமாகும். மேனுவலில் இருக்கும் கிரேடு எதுவோ அதையே சீல் உடையாத கேனில் வாங்கி, கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற விடாதீர்கள், உங்கள் ஊர்ச் சாக்கடை கடைசியில் எங்கள் ஊர் ஆற்றுக்குத்தான் வரும்.

குன்னூர்வாசி:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன். கூலன்ட் டேப்பை விட்டு நகரவில்லை. வேறு பட்டறையில் ஆயில், ஃபில்டர், வாஷர், கூலி எல்லாம் சேர்த்து 2,350. இறக்கிய ஆயில் தண்ணீர் மாதிரி விழுந்தது. மூடியைத் துணியால் துடைத்துவிட்டு மாட்டினேன். நேற்று திறந்தால் ஓரத்தில் லேசான ஈரம், மோர் இல்லை. மட்டம் மேல் புள்ளிக்குச் சரியாக நிற்கிறது.

மாமனார்தான் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பேட்டரி போனால் நீதான் தள்ளணும் என்றார். சரி, நிற்க வைக்காமல் வாரம் ஒரு தடவை நீங்களே ஓட்டிவிட்டு வாங்க என்று சாவியைக் கொடுத்தேன். இப்போது சனிக்கிழமை ஆனால் பர்லியாறு வரை இறங்கி, மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு ஏறி வருகிறார். இறங்கும்போது இன்ஜின் சூடாகாதாமே, ஏறும்போதுதான் சூடாகுமாம், எனக்கே சொல்லிக்கொடுக்கிறார்.

மேட்டுப்பாளையம் ஸ்பேனர்:
சரியாகத்தான் சொல்கிறார். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வரச் சொல்லுங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டாம்.